அக்கா வேண்டுமென்றே நாறவிட்ட காட்டு வாத்து

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருந்து, இலையில் உட்காருமுன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

இதில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. செம்பூரிலிருந்து பெரியத்தான், அதாவது அக்கா கணவருக்கு மூத்தவர், ஆள் அனுப்பியிருந்தார். அக்கா பொறுமையின் வடிவம் என்று எழுத வேண்டுமாம். அதிர்ந்து பேசாதவர், குடும்பப் பெரியவர்கள் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று எழுத வேண்டுமாம். தாராவியில் சாப்பாட்டுக் கடை நடத்தியதை ஒரு வரியில் முடித்துக்கொள்ள வேண்டுமாம். "அந்த வாத்துக் கதை மட்டும் வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ. நாலு பேரு வாசிக்கது. சபைக்கு ஆகாது பாத்துக்கிடுங்க" என்றார் வந்தவர், நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே.

காப்பி கொடுத்ததற்காக வருந்துகிறேன். வாத்துக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது திருச்செந்தூருக்கு மேற்கே ஒரு தேரிமணல் ஊரில். அந்த ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. "தண்ணி கெடையாது, நெழலு கெடையாது. வாய் மட்டும் உண்டு, ஊருக்கெல்லாம்" என்பார். வாக்கப்பட்டு ரயிலேறி தாராவிக்கு வந்தார்; துணைக்கு என்னையும் கூட்டிவந்தார். அத்தான் தோல் கிடங்கில் உப்பு போடுகிறவர். அவர் உள்ளங்கையில் உப்புப் புண் ஆறி நான் பார்த்ததில்லை. அந்தக் கையோடு சாப்பிட உட்காருவார்; அக்கா பிசைந்து கொடுப்பார். மகள் தவழ ஆரம்பித்த வருஷம் அத்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அழ வந்தவர்கள் நிறைய. அழுது முடிந்து, அடுத்த வேளைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டவர் யாருமில்லை.

அக்காவுக்கு மிஞ்சியது ஒரு கோலி. பம்பாயில் ஒற்றை அறை வீட்டுக்கு அதுதான் பெயர். கழிமுகத்துச் சதுப்பில் குப்பையையும் தோல் சீவலையும் கொட்டி மேடாக்கி, அதன் மேல் எழுப்பிய சுவர்கள். அந்த அறையில் அக்கா கரி அடுப்பை மூட்டி, தனியாக இருக்கிற ஆண்களுக்குச் சோறு போட ஆரம்பித்தார். தோல் பதனிடுகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களை "நம்ம கடைப் பிள்ளைகள்" என்பார். பிள்ளைகளில் சிலருக்கு அக்காவைவிட வயது அதிகம்.

ஆட்டுக்கறிக்கு வழியில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சேர்ந்ததுதான் காட்டு வாத்து.

பனிக்காலத்தில் அவை வரும். எந்த மலையையோ தாண்டி, எந்தப் பனிக்கட்டி ஏரியையோ விட்டு, வானத்தில் கோடு போட்டதுபோல் கூட்டமாக வந்து கல்யாண் பக்கத்துக் கழியிலும் அறுத்த வயலிலும் இறங்கும். சாம்பல் உடம்பு, தலையில் கறுப்புப் பட்டை. நான் ஒருநாள் அதன் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்புட்டு தூரம் பறந்து வந்தும் இந்தச் சேத்துலயா எறங்கணும், கூறுகெட்ட பறவை. உரி, உரி."

கழியோரத்தில் துப்பாக்கி வைத்திருந்த சிகாரி, அதாவது வேட்டைக்காரர், ஒருவர் அவற்றைச் சாக்கில் போட்டு லோக்கல் ரயிலில் சயானுக்குக் கொண்டுவருவார். பெரிய மார்க்கெட்டில் விலைபோகாத பறவை அது. நாற்றம் என்று ஒதுக்கிவிடுவார்கள். "பாயி, ஆஜ் படா மால்!" என்று சாக்கை வாசலில் போடுவார்; அம்மா, இன்றைக்குப் பெரிய சரக்கு என்று அர்த்தம். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்செலும்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவார். வளைந்தால் இளசு. வளையாவிட்டால், "இத உங்க மாமியாருக்குக் கொண்டு போங்க" என்று தமிழிலேயே சொல்லித் திருப்பிக் கொடுப்பார். சிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த வரிக்கு மட்டும் சிரிப்பார்.

இந்தப் பறவையின் பக்குவத்தை அக்காவிடம் கேட்டு வந்த உறவுக்காரப் பெண்கள் உண்டு. கடைக்குள் கால் வைக்கமாட்டார்கள். சந்தில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். அவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். இனி யாரும் சந்தில் நிற்க வேண்டாம்.

கோழியைப்போல் வெந்நீரில் முக்கினால் ஆகாது. இறகில் எண்ணெய் இருப்பதால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தோலோடு உரித்துவிட வேண்டும். தோலுக்கடியில் மஞ்சளாக இருக்கும் கொழுப்பு ஒரு நகக்கண் அளவும் மிஞ்சக்கூடாது. வளர்ப்பு வாத்தின் கொழுப்பு ருசி. கழியில் மேய்ந்ததன் கொழுப்பு முழுக்கச் சேறு. அடுத்து, வாலுக்கு மேலே ஒரு இரட்டைக் குமிழ் இருக்கும். இறகுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெயை அது அங்கேதான் வைத்திருக்கிறது. அதை உடைக்காமல், சுற்றிலும் சதையோடு தோண்டி எறிய வேண்டும். கத்தி குமிழில் பட்டுவிட்டால் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் கறியைத் தொட வேண்டும். பட்ட கத்தியோடு தொட்டால் குழம்பு முழுதும் போயிற்று.

தீனிப்பையைக் கீறிப் பாருங்கள். பச்சைப் புல் இருந்தால் நல்ல வயிறு. நத்தையும் சேறும் இருந்தால் கறியை உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, முதல் கொதி வந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குண்டு துளைத்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். குண்டு போகும்போது ஒரு துணுக்கு இறகையும் உள்ளே கொண்டுபோயிருக்கும். இரண்டையும் கொண்டை ஊசியால் நெம்பி எடுங்கள்.

நெஞ்சுக்கறியையும் கால்கறியையும் சேர்த்து ஆக்குகிறவளை அக்கா மனுஷியாகவே மதித்ததில்லை. நெஞ்சுக்கறி மெல்லிய துண்டு. நல்லமிளகும் உப்பும் நல்லெண்ணெயும் போதும், கல் சுட்டவுடன் போட்டு எடுத்துவிட வேண்டும். கால் அப்படியல்ல. பப்பாளிக்காய்த் தோலும் மஞ்சளும் போட்டு, தணலில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். மிளகாய் வத்தல், மல்லி, சீரகம், உள்ளி, தேங்காய் எல்லாம் கறுக வறுத்து அரைத்து, எலும்பிலிருந்து சதை தானாக விலகுகிற நேரத்தில் ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஊற்றினால் மசாலா வேகும்; வாத்து வேகாது.

மிஞ்சியதை அக்கா உப்புக்கண்டம் போட்டார். அதுதான் தவறிப்போனது. கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசிறி, கயிற்றில் கோத்துப் பாதியை அறைக்குள் சுவரோரம் கட்டினார். பாதியைச் சந்தில் வெயில் விழுகிற இடத்தில் கட்டினார். வெளியே இருந்தது சுள்ளியாகக் காய்ந்தது. உள்ளே இருந்தது காயவே இல்லை. பிசினாக வேர்த்து, உப்பு நீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அல்ல, உதடு வெடிக்கிற பனிக்காலத்தில். அக்கா அந்தக் கீற்றைத் தொட்டுப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், அடுப்படிக்குப் போய்விட்டார். கயிற்றை அவிழ்க்கவில்லை.

இது சீனாக்காரன் சண்டைக்கு அடுத்த பனிக்காலம். அந்தத் தை மாதத்தில்தான் பெரியத்தான் வந்தார்.

அவர் அதற்கு முன்பே தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிபோயிருந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஞாயித்துக்கெழம தோல் மொதலாளி வாராரு. இடத்தப் பாக்கணுமாம். கிடங்குக்குச் சரியா இருக்கும்னு சொல்லிருக்கேன். உன் வாத்துக்கறியப் பத்தி கேள்விப்பட்டிருக்காரு. ஆக்கி வச்சிரு. ருசியா இருக்கணும், கேட்டியா?"

"எந்த இடத்தப் பாக்க வாராரு?" என்றார் அக்கா.

"இந்தா நிக்கமே, இந்த இடத்தத்தான். தம்பி போயாச்சு. பொம்பளைக்குத் தனிக் கோலி எதுக்கு? நீயும் புள்ளையும் செம்பூருக்கு வந்திருங்க. உங்க மைனிக்கும் மூட்டு வலி, ஒத்தையில அடுப்படியில நிக்க முடியல."

புரிந்திருக்கும். மைனி என்பது அவர் மனைவி. அவர்கள் வீட்டுச் சமையலுக்குக் கூலியில்லாத ஒருத்தி வேண்டும். கூடவே வளர்ந்துவரும் ஒரு சின்னப் பெண், பாத்திரம் துலக்க. அத்தான் உப்புப் புண்ணோடு உழைத்துச் சேர்த்த நான்கு சுவர் போகும். அக்கா மிச்ச ஆயுள் முழுக்க இன்னொருத்தி அடுப்படியில் குனிந்து நிற்பார்.

"ஆக்கி வைக்கேன்" என்றார் அக்கா.

சனிக்கிழமை சிகாரி வந்தார். அக்கா இளசுகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, நெஞ்செலும்பு கல்லாக இருந்த ஒரு கிழத்தை எடுத்தார். தீனிப்பையைக் கீறினார். முழுக்க நத்தையும் கறுப்புச் சேறும். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அத்தான் போனபின் அன்றுதான் பார்த்தேன்.

"தோலை உரிக்காத. ஒவ்வொரு இறகாப் பிடுங்கு" என்றார் என்னிடம்.

பொழுது முழுதும் பிடுங்கினேன். பஞ்சுத் தூவி மூக்கிலும் காதிலும் போயிற்று. ஒரு சமையலைக் கெடுப்பதற்கு இரட்டிப்பு வேலை செய்ய வேண்டியிருந்தது. அக்கா வெட்ட ஆரம்பித்தபோது பதறிப்போனேன்.

"யக்கா, குமிழ எடுக்கல!"

"எடுக்கல."

"நாறுமே!"

"நாறட்டும்ட்டி. நாறிச்சாத்தான எந்திச்சுப் போவான். ஒரு வாய் வச்சான்னா, இந்தச் சந்துக்கே திரும்ப வரப்படாது."

கொழுப்போடு, தோலோடு, குமிழோடு, ஊறப்போடாமல், முதல் தண்ணீரைக் கொட்டாமல் ஆக்கினார். ஞாயிறு காலையில் அடுப்பிலிருந்து எழுந்த மணத்தில் பக்கத்துக் கோலி மராத்திக்கார அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். பூனை வாசல்வரை வந்து திரும்பியது.

முதலாளி வந்தார். கூடவே அவர் மைத்துனர். பெரியத்தான் வெள்ளை வேட்டி. இலை போட்டாயிற்று. அக்கா கறியை அள்ளி வைத்தார். நான் அடுப்பு மறைவில் நின்று முதலாளியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தார். மென்றார். கண்ணை மூடினார்.

"அடடா" என்றார். "யம்மா, இன்னொரு கரண்டி போடு."

மைத்துனர் தலை நிமிரவே இல்லை. எலும்பை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து பச்சைத் தோல் குவியலுக்குள் புரண்ட மனிதர்கள் இவர்கள். சுண்ணாம்புத் தொட்டியும் அழுகல் சவ்வும் அவர்கள் மூக்கை எந்தக் காலத்திலோ எடுத்துக்கொண்டுவிட்டன. காரமும் உப்பும் கொழுப்பும்தான் அவர்கள் நாக்குக்குத் தெரிந்தது. தோல் பேட்டைக்காரர்களை நாற்றத்தால் விரட்டப் பார்த்தோம். தாராவியில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் போனோமே!

அந்தப் பந்தியில் நாற்றம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். செம்பூர்க் காற்றில் பெரியத்தானுக்கு மூக்கு திரும்ப முளைத்திருந்தது. முதல் கவளத்திலேயே அவர் முகம் மாறியது. துப்ப முடியாது. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து "என்ன ருசி, என்ன ருசி" என்கிறார். விழுங்கினார். நெற்றி வேர்த்தது.

"என்னவே, மெதுவாத் திங்கீரு? உம்ம வீட்டுக் கறிதான, கூச்சப்படாதேயும்" என்று முதலாளி தன் கையாலேயே ஒரு பெரிய துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தார். குமிழ் இருந்த துண்டு.

அதையும் தின்றார். அதற்காக அவரை நான் மெச்சுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே நல்ல வார்த்தை இது, இங்கே எழுதிவிட்டேன்.

ஆனால் கறி எங்களைக் காப்பாற்றவில்லை. முதலாளி விரலைச் சப்பிக்கொண்டே அறையை ஒரு சுற்று பார்த்தார். "இடம் ராசியான இடம். வார மாசமே தோலை இறக்கிருதேன். யம்மாதான் எங்க போவாவளோ?"

"அவளுக்கென்ன, என் வீட்டுலதான் கெடப்பா" என்றார் பெரியத்தான், தண்ணீரைக் குடித்து மூச்சு விட்டு. "நீங்க செம்பூர் வரும்போதெல்லாம் ஆக்கிப் போடுவா."

கெடப்பா. அந்தச் சொல்லில் அக்கா நிமிர்ந்தார். சுவரோரம் போய்க் கயிற்றிலிருந்து ஒரு கீற்றை அறுத்தார். சந்துக்குப் போய் அங்கிருந்து ஒரு கீற்றை எடுத்துவந்தார். இரண்டையும் முதலாளியின் இலை ஓரத்தில் வைத்தார்.

"மொதலாளி, கைய அலம்பதுக்கு முன்ன இதத் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே வாத்து, ஒரே உப்பு. கார்த்திகையில கட்டினது. இது வெளிய தொங்கினது. இது இந்தச் செவத்துல தொங்கினது."

முதலாளி காய்ந்ததை ஒடித்தார். சரி. மற்றதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். மூக்கு செத்துப்போயிருந்தாலும் விரல் செத்துப்போகவில்லை. உப்பு பிடித்த சதை எப்படி இருக்க வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரியும். இலையை விட்டு எழுந்தார். குந்தி உட்கார்ந்து, எச்சில் படாத இடது உள்ளங்கையைத் தரையில் பரத்தி வைத்து, அப்படியே இருந்தார். எடுத்து மைத்துனரிடம் காட்டினார். கை பளபளத்தது.

"ஓதம்" என்றார் மைத்துனர்.

"பனிக்காலத்துலயே இப்பிடி. மழையில தோலை இங்க போட்டா அழுகி மயிரு கழண்டுல்லா போவும்!" முதலாளி பெரியத்தான் பக்கம் திரும்பினார். "என்னவே, கிடங்குன்னு சொல்லிக் கெணத்தக் காட்டுதீரு?"

கையை அலம்பிவிட்டுப் போனார்கள். போகும்போது முதலாளி அக்காவைப் பார்த்து, "கறி அருமை" என்றார். மெய்யாகவே சொன்னார்.

பெரியத்தான் சந்துமுனை வரை போய்க் கக்கினார். திரும்பி வந்து அவர் சொன்ன சொற்களை இந்த மலரில் அச்சிட முடியாது. அக்கா சொன்ன பதிலையும் அச்சிட முடியாது. அதிர்ந்து பேசாதவர் என்று எழுதச் சொன்னவர்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

அன்று முதல் உறவுக்குள் அக்காவுக்கு 'வாத்துக்காரி' என்று பெயர். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நாறின கறி போட்டவள் என்று மாட்டுங்காவரை சொல்லப்பட்டது. கல்யாண வீடுகளில் அக்கா கை வைத்த பாத்திரத்தைத் தள்ளிவைத்தீர்கள். யாரென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் அக்கா மறுக்கவில்லை. நானும் மறுக்க வரவில்லை. பெரியத்தான் சொன்னது உண்மை. கறி நாறியது. நாற வேண்டும் என்றே ஆக்கியது.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. தோலுக்கு ஆகாத ஓதம் மனிதருக்கு மட்டும் ஆகுமா? அக்கா அந்தத் தரையில்தான் படுத்தார். வருஷத்துக்கு வருஷம் இழுப்பு கூடியது. கடைசிப் பனிக்காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். மூச்சுக்கு நடுவே கடைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்று, "அன்னைக்கே செம்பூருக்குப் போயிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாவ" என்றார். அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்டது. மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தது. வந்தவர் வாசலைத் தாண்டுமுன் அக்கா சொல்லிவிட்டார்: "இருந்திருப்பேன். யாரா இருந்திருப்பேன்?"

என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு கடையைப் பற்றியது. "தணல் போட்டிருக்காளா?" என்று மகளைப் பற்றிக் கேட்டார். போட்டிருக்கிறாள் என்றேன். அது போதுமாக இருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மருந்து வாங்கவும் ரிக்‌ஷா பிடிக்கவும் ஓடியவர்கள், பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்தவர்கள், கடைப் பிள்ளைகள். அத்தோடு நிற்காமல், இந்த ஒரு வருஷத்தில் ஞாயிறு தோறும் வந்து அறையின் தரையை உடைத்து, கருங்கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்குக் கிடைக்காத காய்ந்த தரை இப்போது அவர் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் எங்களோடு மாறி மாறி விழித்திருந்த பக்கத்துக் கோலி அம்மாளுக்கு நன்றி. செய்தி கேட்டு வெறுங்கையோடு ரயிலேறி வந்து, வாசலில் தலையைக் குனிந்து நின்ற சிகாரிக்கு நன்றி.

செம்பூர்க் குடும்பத்துக்கும் நன்றி உண்டு. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அவர்கள் வந்தபோது பையில் ஒரு புதுப் பூட்டும் வந்தது. வயசுப் பெண் தனியாக இருக்கக்கூடாது, அறையை அடைத்துவிட்டுக் கூட்டிப்போகிறோம் என்றார்கள். அக்கா மகள் பந்தியை விரித்தாள். கடைப் பிள்ளைகள் இலையில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. அடைக்க வந்தவர்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். பிறகு போனார்கள். அவசரத்தில் பூட்டை ஜன்னலில் விட்டுவிட்டார்கள்.

கனமான பித்தளைப் பூட்டு. இங்கே மலிவாகக் கிடைக்காது. அதைத்தான் இப்போது அந்தக் கதவில் மாட்டியிருக்கிறோம். சாவி அக்கா மகள் இடுப்பில் இருக்கிறது. இனி அவள் கடை. ஞாயிற்றுக்கிழமை காட்டு வாத்து உண்டு. காசு கொடுத்து யாரும் வந்து சாப்பிடலாம், செம்பூர்க்காரர்களும் வரலாம். குமிழை எடுப்பதா விடுவதா என்பதை, வருகிற ஆளைப் பார்த்து அவள் முடிவு செய்துகொள்வாள்.

இப்படிக்கு,
தங்கை